பதினோரு கட்டையும் அப்பாவின் சட்டையும்

வெயிலில் நெடுந்தூரம் நடப்பவர்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக விதி வகுத்தவர், எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை, நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பிறகு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து, சுற்றறிக்கைகளை எழுதி, அவற்றை யாரும் படிக்காததையும் பார்த்து ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு ஏமாற்றம் எதுவும் இருக்கவில்லை. யாரும் மதிக்காத என் முதல் சுற்றறிக்கை ஆறாம் வகுப்பிலேயே வெளியாகிவிட்டது.

எங்கள் தோட்டம் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில் இருந்தது. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அப்பா குலை வெட்டுகிறவர். வெட்டிய குலை கீழே விழுந்து சிதறும்போது உதிர்கிற பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது அம்மாவின் வேலை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அப்பா வெட்டிய மட்டை ஒன்று அவர் எதிர்பார்த்த பக்கம் விழாமல், அதன் முள் அவருடைய இடது கண்ணைக் கீறிவிட்டது. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். பார்வை வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

டாக்டரின் பதில் திருப்தியளிக்காததால் அம்மா மேலிடத்துக்குப் போனார். கண் திரும்பினால் பங்குனி உத்திரத்தன்று தோட்டத்திலிருந்து கோலசிலாங்கூர் முருகன் கோவிலுக்கு நடந்தே வந்து உச்சிகாலப் பூசையைப் பார்ப்பதாக வேண்டிக்கொண்டார். பேண்டேஜை அவிழ்த்தபோது அப்பாவுக்கு வெளிச்சம் தெரிந்தது. சில நாளில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் முகம் இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது என்றார். மீதியையும் முருகன் கொடுப்பான், ஆனால் நடந்து முடித்த பிறகுதான் கொடுப்பான் என்று அம்மா உறுதியாக நம்பினார். நடுவழியில் வண்டி ஏறினால் கொடுத்ததையும் திரும்ப எடுத்துக்கொள்வான் என்பதும் அந்த நம்பிக்கையில் அடக்கம்.

தூரம் பதினோரு கட்டை. சாலையோரத்து மைல்கல்லுக்குக் கட்டை என்று பெயர். அரசாங்கம் கிலோமீட்டருக்கு மாறியதை எங்கள் தோட்டம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுதான் நாட்டின் கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கவும் உத்தரவு வந்திருந்தது. அதையும் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. மணி கேட்டால், “பழைய மணியா, புது மணியா?” என்று திருப்பிக் கேட்டார்கள். நான் மட்டும் புது மணிக்கு உடனே மாறிவிட்டேன். உத்தரவு என்றால் உத்தரவுதான்.

பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதை அடிப்படையாக வைத்து நோட்டுப் புத்தகத்தின் நடுத்தாளைக் கிழித்து ஒரு பட்டியல் தயாரித்தேன். துணி பருத்தியாக இருக்க வேண்டும். நிறம் வெளிறியதாக இருக்க வேண்டும். உடம்பை ஒட்டாமல் தளர்வாகவும் கை முழுதும் மூடும்படியும் இருக்க வேண்டும். தலைக்கும் பிடரிக்கும் துணி வேண்டும். புதுக் காலணி கூடாது, பழகிய காலணியே நல்லது. கீழே ஒப்புதலுக்காக ஒரு கோடு போட்டு, அதன் கீழ் ‘குடும்பத் தலைவர்’ என்று எழுதியிருந்தேன். அப்பா வலது கண்ணாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பின்னாளில் பல உயரதிகாரிகளிடம் இதே வேகத்தைக் கண்டேன்.

என் பட்டியல் கதவில் ஒட்டப்பட்ட மறுநாள் ராவாங்கிலிருந்து அத்தை வந்து இறங்கினார்.

அத்தை அப்பாவின் தங்கை. துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணியோடு தானும் நடப்பதாகச் சொல்லி விடுப்பு எடுத்து வந்திருந்தார். வந்ததும் பட்டியலைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“காட்டனா? காட்டன் எல்லாம் இப்ப யாரும்மா கட்டுறா? நா துணி ஃபேக்டரில வேல செய்யுறேன், எனக்குத் தெரியாதா?”

அவர் தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். நாள் முழுதும் துளை மட்டும்தான். துணியைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு அந்தத் துளையின் அளவுக்கு இருக்கும் என்று நினைத்தேன். அத்தை பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு மஞ்சள் நைலெக்ஸ் சேலைகள். விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. எனக்கு மஞ்சளில் ஒரு கவுன், கழுத்தைச் சுற்றி வலைத் துணி வைத்து, கை இறுக்கமாக. அதைப் போட்டால் கையை உயர்த்த முடியாது. எதிர்ப்புத் தெரிவிக்கக்கூடக் கையை உயர்த்த முடியாது.

“இதுல காத்து போவாது அத்த,” என்றேன்.

“காத்து என்னாத்துக்குப் போவணும்? சாமி பாக்கப் போறமா, காத்து வாங்கப் போறமா?”

அம்மா அதற்குள் பழைய வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை மஞ்சள் நீரில் முக்கி வாசல் கொடியில் உலர்த்தியிருந்தார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, மடித்து உள்ளே வைத்துவிட்டார். நாத்தனார் வாங்கி வந்த சேலையை வேண்டாம் என்று சொல்ல எந்த அண்ணிக்கும் வாய் வராது. அம்மாவுக்கும் வரவில்லை. சேலை விஷயத்தில் குடும்பத் தலைவரின் ஒப்புதல் செல்லாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செருப்பு விவகாரம் வேறு. வேண்டுதல் என்றால் வெறுங்கால்தான் என்றார் அத்தை. அம்மா வேண்டிக்கொண்ட வாசகத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ‘நடந்தே வருகிறேன்’ என்று இருந்ததே தவிர காலணியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வாசகத்தில் இல்லாத நிபந்தனையை நாமாகச் சேர்க்க முடியாது என்று வாதாடி வென்றேன். அந்தப் பயணத்தில் நான் வென்ற ஒரே வாதம் அதுதான். வென்றதும் அத்தை தனக்கென்று குதிகால் உயர்ந்த புதுச் செருப்பை எடுத்து வெளியே வைத்தார்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். இருட்டோடு இருட்டாகப் பாதித் தூரம் கடந்துவிட்டால் வெயில் ஏறும்போது ஊர் வந்துவிடும். நான் நாலு மணிக்கே தயார். வலைத் துணிக் கவுன் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. காலில் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்து. அப்பா இடது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்க் கோவிலில் காத்திருப்பதாக ஏற்பாடு. கண்ணில் வெயிலும் தூசியும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தார்.

மஞ்சள் முக்கிய பருத்திச் சேலையைக் கட்டியிருந்தார். அதன் மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, செம்பனைப் பழத்தின் எண்ணெய் ஏறித் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்ட சட்டை. காலரில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும். தலையில் துண்டைச் சுற்றி அதன் மேல் ஓலைத் தொப்பி. விரல் பகுதியை வெட்டிய பழைய காலுறைகளைக் கைகளில் முழங்கை வரை இழுத்துவிட்டிருந்தார். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. கைலிக்குப் பதில் சேலை என்பதைத் தவிர, ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வேலைக்குப் போகிற அதே கோலம். வீட்டு வாசலுக்கு வெளியே ஓர் ஆணி உண்டு. அந்தச் சட்டை தொங்குகிற இடம் அது. புளித்த எண்ணெய் வாடை வீட்டுக்குள் வருகிறது, இது சுகாதாரக் கேடு என்று நான் பல முறை புகார் கொடுத்திருக்கிறேன்.

“அண்ணி, என்னா இது?” என்றார் அத்தை. “கோயிலுக்குப் போறமா, பழம் பொறுக்கப் போறமா?”

“வெயிலு ஏறுனா இதாம்மா தாங்கும். போறப்ப போட்டுக்கிட்டு, அங்க போயி கழட்டிடுறேன்.”

“யாராச்சும் பாத்தா என்னா நெனைப்பாங்க லா?”

அம்மா என்னைப் பார்த்தார். பட்டியல் எழுதியவள் நான். பருத்தி. வெளிறிய நிறம். தளர்வு. முழுக்கை. தலைக்கும் பிடரிக்கும் துணி. பழகிய காலணி. என் பட்டியல் அப்படியே எழுந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த ஆண்டு நான் கோலசிலாங்கூர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போகப் போகிறேன் என்பதும், அங்கே டவுன் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதும், அவர்களில் யாராவது இன்று கோவிலில் இருக்கலாம் என்பதும்தான்.

“அத மட்டும் போடாதம்மா,” என்றேன். “அசிங்கமா இருக்கு.”

அம்மா உள்ளே போனார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நைலெக்ஸ் சேலை அம்மாவின் மேல் நிற்க மறுத்தது. கொசுவம் வைத்தால் வழுக்கி விழுந்தது. அத்தை ஊக்கு மேல் ஊக்காகக் குத்தினார். ஒரு கட்டத்தில் வாயில் நாலு ஊக்கைக் கடித்துக்கொண்டே என்னிடம் மணி கேட்டார். ஆறரை என்றேன். “பழைய மணியா?” என்றார். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் நேரத்துக்கு நடக்காது என்று எனக்கு அழுகை வந்தது.

ஏழு மணிக்கு மேல்தான் படியிறங்கினோம். எதிரே சூரியனும் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று கட்டை நன்றாகத்தான் போனது. தோட்டத்துச் செம்மண் சாலையில் இன்னும் ஈரம் இருந்தது. அத்தை ராவாங் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா பூசைச் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலை தடுக்காமலிருக்கக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார். தார்ச் சாலையில் ஏறியதும் பேச்சு குறைந்தது. செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. நிழலை மட்டும் தங்கள் காலடியிலேயே வைத்துக்கொண்டன. பத்து மணிக்கு மேல் தாரிலிருந்து எழுந்த சூடு முழங்கால் வரை தெரிந்தது.

நாலாவது கட்டையில் அத்தையின் குதிகாலில் கொப்புளம். ஐந்தாவதில் அது உடைந்தது. சாலையோரக் கடைக்கார மலாய்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, பிளாஸ்டிக் பையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். என் கவுனின் வலைத் துணி கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு மாலை போட்டிருந்தது. ஆனாலும் அம்மாவின் நிலைதான் மோசம். நைலெக்ஸ் நனைந்து, முதுகிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் எட்டுக்கும் அவரைப் பின்னால் இழுத்தது. ஊக்குகள் வெயிலில் சூடேறிச் சுடுவதாகச் சொன்னார். தலையில் முந்தானையைப் போட்டார். அது வழுக்கியது. மறுபடி போட்டார். மறுபடி வழுக்கியது.

ஏழாவது கட்டைக்குச் சற்று முன்பு அம்மாவின் முகத்தில் வியர்வை நின்றுபோனது. நான் அதைக் கவனித்தேன். வெயிலில் வியர்வை நின்றுபோனால் ஆபத்து என்று சுகாதாரப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது.

“அம்மா, நீ வேர்க்காம இருக்க.”

“நல்லதுதான,” என்றார் அம்மா. நாக்கு குழறியது. இன்னும் பத்து எட்டு நடந்து, ஏழாவது கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை பதறிவிட்டார். நான் புத்தகத்தில் இருந்த வரிசைப்படி ஒன்றொன்றாகச் சொன்னேன். நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆடையைத் தளர்த்த வேண்டும். அத்தை குத்தி வைத்திருந்த ஊக்குகளைத் தேடித் தேடி அவிழ்க்கவே ஐந்து நிமிடம் ஆகும் போலிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துப் பழ லோரி வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, ஏறுங்கக்கா. கோலசிலாங்கூருலயே எறக்கி விட்டுர்றேன்.”

அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“மூஞ்சப் பாருங்க, எப்பிடி இருக்குன்னு. சாமிகிட்ட யாரு போயி சொல்லப் போறா?”

“நான்தான் சொல்லுவேன்,” என்றார் அம்மா.

உடல்நலக் காரணத்துக்காக விதிவிலக்கு உண்டு, நடக்க முடியாத தூரத்தை இன்னொரு நாள் நடந்து ஈடு செய்யலாம் என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்படி எந்த விதியும் இல்லை. அந்த இடத்திலேயே உருவாக்கினேன்.

“கண்ணு போயிடும் புள்ள,” என்றார் அம்மா, மெதுவாக. “அப்பாவுக்குக் கண்ணு போச்சின்னா யாரு மரத்துல கத்தி போடுறது? யாரு ஒன்னைய ஸ்கூலுக்கு அனுப்புறது?”

அத்தை லோரியையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார், தன் குதிகாலையும் பார்த்தார். பிறகு, முன்னால் போய்த் தண்ணீருக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். அவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை என்பதால் அதில் விதிமீறலும் இல்லை.

லோரி போனதும் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செம்பனை மரம் ஒன்றின் பின்னால் போனார். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் கீழே, பையின் அடியில், நாங்கள் வேண்டாம் என்று சொன்ன எல்லாம் இருந்தன. சட்டை, துண்டு, காலுறைகள், ரப்பர் சப்பாத்துகூட. சேலைக்குப் பதில் வேலைக்குக் கட்டுகிற கைலி. ஓலைத் தொப்பி மட்டும்தான் வீட்டில். சட்டையையும் துண்டையும் வாய்க்கால் நீரில் முக்கிப் பிழிந்து ஈரத்தோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நைலெக்ஸ் சேலை ஒரு பிடிக்குள் அடங்கிப் பைக்குள் போயிருந்தது. மரத்தடியில் கால் மணி நேரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கடைக்காரர் கொடுத்த தண்ணீரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். மெல்ல நெற்றியில் வியர்வை அரும்பியது.

“வா,” என்றார்.

அதன் பிறகு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. காலையிலிருந்து தடுக்கித் தடுக்கி நடந்த பெண்ணை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று தெரியவில்லை. கைலியை ஒரு சாண் உயர்த்திக் கட்டிக்கொண்டு, மர வரிசைகளுக்கு நடுவே நிரை நிரையாக நாள் முழுதும் நடக்கிறவர் நடக்கும் நடை அது. எட்டு பெரிதாக இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை. ஒரு காலுறையை எனக்கு நீட்டினார், கையில் மாட்டிக்கொள்ளச் சொல்லி. நான் வாங்கவில்லை. என் கைகள் எரிந்தன. எரியட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டியலில் ‘கை முழுதும் மூடும்படி’ என்று இருந்தது உண்மைதான். ஆனால் காலுறை என்று இல்லையே.

மீனவர் கிராமமான பாசிர் பெனம்பாங் பக்கமிருந்து கருவாட்டு வாடை காற்றில் வந்தபோது டவுன் நெருங்கிவிட்டது தெரிந்தது. கடைகளும் வீடுகளும் தென்பட்டன. மஞ்சள் உடுத்திய பெண்கள் குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, இங்கயே எங்கயாச்சும் போயி சேலைய மாத்திக்க.”

“நேரம் ஆச்சி. கோயில்ல போயி மாத்திக்கிறேன்.”

“எல்லாரும் பாக்குறாங்கம்மா.”

“பாக்கட்டும். மணி என்னா?”

ஒரு கடைக்குள் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு அடித்து இருபது நிமிடம். உச்சிகாலப் பூசை பன்னிரண்டுக்கு. பதினோரு கட்டை நடந்தும் வேண்டுதல் காலாவதி. எனக்குக் கோபம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேகமாக நடந்து இருபது எட்டு முன்னால் போய்விட்டேன். தனியாக வருகிற பிள்ளைபோல. அந்தக் கோபத்தில் சட்டைக்கும் பங்கு இருந்தது.

கோவில் திருப்பத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். கழுத்து நிறைய நகை போட்ட அம்மாள் ஒருவர் சிவப்புச் சர்பத்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், இரட்டைப் பின்னலும் பட்டுப் பாவாடையுமாக. நிழலில் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். நைலெக்ஸ் கலையாமல் இருந்தது. தோட்டத்திலிருந்து நடந்தே வந்ததாக அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. “இந்த வெயிலுல பதினோரு கட்ட,” என்று அவர் மற்றவர்களுக்கு அத்தையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கும் நாற்காலியும் கண்ணாடித் தம்ளரும் கிடைத்தன. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எந்தப் பள்ளி என்று கேட்டாள். அடுத்த ஆண்டு இங்கேதான் வரப்போகிறேன் என்றேன். அப்போது அம்மா வந்து பந்தலின் ஓரத்தில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெய்க் கறைச் சட்டையும் ஈரத் துண்டும் கைலியுமாக.

அந்த அம்மாள் குனிந்து என்னிடம் கேட்டார். “யாரும்மா அது? ஒங்ககூட வந்தவங்களா?”

அத்தை தம்ளருக்குள் பார்த்தார். இரட்டைப் பின்னல் என்னைப் பார்த்தாள்.

“எங்க லயத்துல இருக்கிறவங்க,” என்றேன்.

அது பொய் இல்லை. அம்மா எங்கள் லயத்தில்தான் இருந்தார். பொய்யும் இல்லாத, உண்மையும் இல்லாத பதிலை எப்படி எழுதுவது என்று பிற்காலத்தில் அலுவலகத்தில் யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா எழுந்து, ஒரு பிளாஸ்டிக் குவளையில் சர்பத்தை வாங்கி, நின்று நிதானமாகக் குடித்து முடித்தார். குவளையைக் கழுவி வைத்தார்.

“ஆமாங்கம்மா,” என்றார் அந்த அம்மாளிடம். “ஒரே லயம்தான்.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கோவிலை நோக்கி நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். ஓடும்போதுதான் மணி அடிக்கத் தொடங்கியது. குருக்கள் கடிகார உத்தரவை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு உச்சிகாலம் பழைய மணிப்படி பன்னிரண்டு. புது மணிப்படி பன்னிரண்டரை. அம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளே பூசை ஆரம்பித்திருந்தது. உத்தரவை மதித்து நடந்தவள் நான் ஒருத்திதான். அந்த நேரத்தில் காலாவதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளும் நான் ஒருத்திதான்.

உள்ளே ஒரே மஞ்சள். தூணோரமாக நின்றிருந்த அப்பா எங்கள் பக்கம் கையை ஆட்டினார். நாங்கள் அவரைப் பார்ப்பதற்கு முன்பே ஆட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. தீபாராதனை முடியும்வரை அம்மா கூப்பிய கையை இறக்கவே இல்லை. கற்பூரத் தட்டு கடந்து போன பிறகு அப்பா சொன்னார்:

“அத்தன மஞ்சளு. யாரு யாருன்னே தெரியல. ஒரே ஒரு சட்டதான் வந்திச்சி. என் சட்ட. காலருல கிழிசல்கூடத் தெரிஞ்சிச்சி.”

“எந்தக் கண்ணுல?” என்றார் அம்மா.

அப்பா வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அம்மாவின் தோளைப் பார்த்தார். “இதுலதான். அப்பயே இத பொத்திட்டுத்தான் பாத்தேன்.”

அம்மா கையை உயர்த்தி, கிழிந்த காலரை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்பாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பேருக்கு நடுவில் ஓர் அழுக்குச் சட்டையை இரண்டு பேர் இப்படி நின்று பார்ப்பார்களா? இரட்டைப் பின்னல் உள்ளே வந்துவிட்டாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அத்தை கதை கதையாகப் பேசிக்கொண்டு வந்தார். பந்தலில் நடந்தது மட்டும் அந்தக் கதைகளில் இல்லை. அம்மா நைலெக்ஸ் சேலைக்கு மாறியிருந்தார். கொசுவம் இந்த முறை நின்றது.

திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மா வேலைக்குக் கிளம்புகிற சத்தத்தில் கண் விழித்தேன். வீட்டில் கட்டுகிற சாதாரணச் சேலையோடு, கையில் ஒரு துணிப் பையோடு படியிறங்கிப் போனார். மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுதும் அப்படித்தான். சட்டையையும் துண்டையும் பையில் கொண்டுபோய், வேலைக்காட்டு ஓரத்தில் மரத்துக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருவதாகப் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். “ஒங்கம்மாவுக்கு என்னா புதுப் பழக்கம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல முறை கொடுத்த புகாருக்கு ஒருவழியாக நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் எண்ணெய் வாடை இல்லை. சுகாதாரம் முன்னேறியிருக்கிறது. சொல்ல வேண்டியதை எழுத்தில் சொன்னால் நம் வீட்டிலும் வேலை நடக்கும் என்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. கதவிலிருந்த பட்டியலை எடுத்து மடித்து நோட்டுக்குள் பத்திரப்படுத்தினேன்.

வாசலில் அந்த ஆணி காலியாக இருந்தது. நல்ல உயரத்தில், வலுவாக அடிக்கப்பட்ட ஆணி. வீணாகப் போகிறதே என்று அதில் என் பள்ளிக்கூடப் பையை மாட்டினேன்.